மேஃப்ளையின் கார்பன் எண் சருகோடும் ஒட்டவில்லை, பாசியோடும் ஒட்டவில்லை. எங்கே தவறு?

ஓடைக்கல் எழுதியது:

வணக்கம். ஒரு சிற்றோடையில் மீன்களுக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது, கரை மரங்கள் உதிர்க்கும் சருகிலிருந்தா, கல்மேல் வளரும் பாசியிலிருந்தா என்று ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) வைத்துப் பார்க்கிறேன். முதல் தொகுதி முடிவு நேற்று வந்தது, அப்போதிருந்து குழப்பம்தான். கார்பன்-13, அதாவது கனமான கார்பன், எல்லாம் பெர்மில்லில் (ஆயிரத்துக்கு இத்தனை; எண் கீழே போகப் போகக் கனமான கார்பன் குறைவு): சருகு −28.6, கல்லில் சுரண்டிய வழுக்குப் படலம் −27.9, சருகைத் தின்னும் கேடிஸ்ஃப்ளை என்ற பூச்சியின் புழு −28.2. இதுவரை சரி. ஆனால் கல்லைச் சுரண்டித் தின்னும் மேஃப்ளை என்ற பூச்சியின் புழு −34.0! தின்பதுதான் உடம்பில் சேரும் என்றால், சருகிலும் இல்லாத, படலத்திலும் இல்லாத இந்த எண் எங்கிருந்து வந்தது? மீன் தசை −30.2. நைட்ரஜன்-15 (உணவுச் சங்கிலியில் மேலே போகப் போகக் கூடும் கனமான நைட்ரஜன்) மேஃப்ளைக்கு 4.1, மீனுக்கு 7.6, அது ஒழுங்காகத்தான் தெரிகிறது. கார்பன்–நைட்ரஜன் விகிதம் மேஃப்ளைக்கு 5.2, மீனுக்கு 3.3. எந்த உணவு எத்தனை பங்கு என்று கணக்கிடும் மிக்ஸிங் மாடலில் போட்டால் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி என்று பதில் வருகிறது, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மாதிரிகளை உறைய வைத்துத்தான் கொண்டு வந்தேன், ஆல்கஹாலில் போடவில்லை.

பாசிப்படலம் எழுதியது:

மாடலை நம்பாதது நல்லது. தின்னும் உயிரின் எண் எல்லா உணவின் எண்ணுக்கும் வெளியே இருந்தாலும் அது ஏதோ ஒரு பதிலைத் தரத்தான் செய்யும். உங்கள் மேஃப்ளையில் தவறு இல்லை, நீங்கள் "பாசி" என்று எடுத்துக்கொண்டதுதான் பாசி இல்லை. பிரஷ்ஷால் தேய்த்து எடுத்த அந்தப் பழுப்புக் குழம்பில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். வண்டல், மக்கிய சருகுத் துணுக்கு, பூஞ்சை இழை, பாக்டீரியா, இவற்றுக்கு நடுவே அங்கங்கே தங்க நிறத்தில் படகு மாதிரி டயாட்டம் என்ற நுண்பாசி. இயந்திரம் இத்தனையையும் சேர்த்துச் சராசரிதான் சொல்லும். புழு குழம்பு முழுவதையும் விழுங்கினாலும் பெரும்பாலும் டயாட்டத்தைத்தான் செரித்து உடம்பில் சேர்க்கும்.

இன்னொன்று கேட்கிறேன், கல்லை எங்கே எடுத்தீர்கள், புழுவை எங்கே பிடித்தீர்கள்? வேகமாக ஓடும் நீரில் பாசிக்குக் கரியமில வாயு தட்டுப்பாடு இல்லாமல் வந்துகொண்டே இருக்கும், அதனால் கனமான கார்பனை ஒதுக்கிவிட்டு லேசானதைத் தேர்ந்தெடுக்க வசதி, எண் கீழே போகும். தேங்கிய மடுவில் செல்லைச் சுற்றியுள்ள அசையாத நீர்ப்படலம் தடிமனாகி வாயு வருவது குறையும், கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான், எண் மேலே வரும். ஒரே ஓடையில் சில அடி தூரத்தில் இந்த வித்தியாசம் வரும்.

மீன்முள் எழுதியது:

மேலே சொன்னது சரி, ஆனால் முதலில் கொழுப்பைக் கவனியுங்கள். கொழுப்பில் கனமான கார்பன் குறைவு, கார்பன்–நைட்ரஜன் விகிதம் 3.5-க்கு மேல் போனால் கொழுப்பு அதிகம் என்று அர்த்தம், திருத்த வேண்டும். நீர்வாழ் விலங்குகளுக்குப் பரவலாகப் பயன்படுத்தும் சமன்பாடு: விகிதத்தை 0.99-ஆல் பெருக்கி 3.32-ஐக் கழித்து, வருவதைக் கார்பன் எண்ணோடு கூட்டுங்கள். உங்கள் மேஃப்ளைக்கு அது சுமார் 1.8, ஆக −34.0 என்பது −32.2 ஆகிறது. மீனுக்குத் தேவையில்லை. கேடிஸ்ஃப்ளையின் விகிதத்தைப் பார்த்துவிட்டு அதற்கும் செய்யுங்கள்.

அப்புறம் படலத்தை விட்டுவிட்டு மேஃப்ளையையே பாசி வழியின் அடையாளமாகவும், கேடிஸ்ஃப்ளையைச் சருகு வழியின் அடையாளமாகவும் வையுங்கள். நைட்ரஜன் வித்தியாசம் 3.5, பொதுவாக ஒரு ஊட்ட நிலைக்கு, அதாவது உணவுச் சங்கிலியின் ஒரு படிக்கு, 3.4 என்பார்கள், அதாவது மீன் இந்தப் புழுக்களுக்கு ஒரு படி மேலே. ஒரு படிக்குக் கார்பன் 0.4 கூடும் என்று வைத்தால் மீனின் இரை −30.6. −28.2-க்கும் −32.2-க்கும் நடுவில் அது விழும் இடம் ஏறக்குறைய 60 சதவீதம் பாசிப் பக்கம். தோராயக் கணக்குதான், ஆனால் மாடல் சொன்ன பாதிக்குப் பாதியை விட இதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

கரைநாணல் எழுதியது:

அந்த 60-ஐ ஒரு நாள் பிடித்த புழுவை வைத்து எழுதிவிடாதீர்கள். சின்னப் புழுவின் உடம்பு சில வாரத்தில் மாறிவிடும், மீன் தசை மாதக்கணக்கான சாப்பாட்டைச் சுமக்கும். குறைந்தது மூன்று நான்கு முறை இடைவெளி விட்டுப் பிடியுங்கள். முடிந்தால் ஹைட்ரஜன் ஐசோடோப்பும் அளந்து பாருங்கள், நிலத்துத் தாவரத்துக்கும் நீர்ப்பாசிக்கும் அதில் 100 பெர்மில் அளவுக்கு இடைவெளி கிடைக்கும், கார்பனில் எண்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும் ஓடையில் அதுதான் கைகொடுக்கும். ஆனால் உடம்பில் உள்ள ஹைட்ரஜனில் ஒரு பங்கு உணவிலிருந்து வராமல் தண்ணீரிலிருந்தே வரும், அதனால் ஓடைத் தண்ணீரையும் ஒரு குப்பியில் எடுத்து வையுங்கள்.

ஓடைக்கல் எழுதியது:

குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். மேஃப்ளை எல்லாம் நடு ஓடையில் சலசலவென்று ஓடும் இடத்துக் கல்லடியில் பிடித்தது. படலம் சுரண்டிய ஆறு கல்லும் கரையோர மடுவில் எடுத்தவை, அங்கே குனிய வசதியாக இருந்தது. கேடிஸ்ஃப்ளை விகிதம் 4.6, அதையும் திருத்தினால் −27.0 ஆகிறது, பாசிப் பங்கு 70-ஐத் தொடுகிறது. அடுத்த முறை புழு ஒட்டியிருக்கும் அதே கல்லையே சுரண்டுகிறேன். குடல் காலியாகப் புழுவை எத்தனை மணி நேரம் விட வேண்டும்?

மீன்முள் எழுதியது:

வடிகட்டிய ஓடை நீரில் 24 மணி நேரம், தனித்தனியாக. முதுகு வழியே தெரியும் கறுப்புக் கோடு மறைந்துவிட்டால் காலி என்று அர்த்தம்.