வெட்பாலைத் தைலம் ஊதா நிறமாகவில்லை, ஏன்?

செங்கோட்டை வாசகர்:
அப்பாவுக்கு முழங்கையிலும் தலையிலும் சொரியாசிஸ். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு நாலு நாளாக வெயிலில் வைத்திருக்கிறோம். நிறமே மாறவில்லை. என்ன காரணம்?

புளியரையிலிருந்து:
முதலில் மரத்தைப் பாருங்கள். பார்க்க இதே மாதிரி இருக்கும் குடசப்பாலை மரத்தை வெட்பாலை என்று பறிப்பது சகஜம். வெட்பாலைக் காய் ஜோடியாகத் தொங்கும், நுனி இரண்டும் ஒட்டியிருக்கும். குடசப்பாலையில் நுனி பிரிந்தே இருக்கும். இலை சரிதான் என்றால் வெயில் போதவில்லை. ஆனி, ஆடிச் சாரலில் நம் பக்கம் இதைப் போடவே கூடாது.

இலையைத் துடைத்து, ஈரம் துளியும் இல்லாமல் கையால் கிள்ளிக் கண்ணாடிப் பாத்திரத்தில் போடுங்கள். 100 கிராம் இலைக்கு 200 மில்லி எண்ணெய். இலை முழுக்க மூழ்க வேண்டும், வெளியே நீட்டினால் பூசணம்தான். பாத்திரத்தின் வாயில் மெல்லிய துணி கட்டி ஒரு வாரம் நல்ல வெயில். பிறகு வடிகட்டுங்கள்.

ஆரியங்காவிலிருந்து:
குளிப்பதற்கு அரைமணி முன் தடவலாம், சோப்புக்குப் பதில் பயத்தமாவு. துணியில் கறை படியும். நீர் வடியும் புண்ணில் வேண்டாம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம்: அப்பா சொரியாசிஸுக்கு டாக்டர்கள் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியானால் அரிஷ்டம், ஆசவம் என்ற புளிக்கவைத்த ஆயுர்வேத மருந்துகள் எதுவும் தராதீர்கள். அவற்றில் இயல்பாகவே ஆல்கஹால் உண்டு, இந்த மாத்திரையோடு சேர்ந்தால் கல்லீரல் கெடலாம். ஸ்டீராய்டு மாத்திரையையும் திடீரென நிறுத்தினால் உடம்பு முழுக்கச் சிவந்து உரியலாம். டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.