304 வந்தால் படம் எங்கிருந்து வருகிறது?

புதுமுகம்: பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் டேபைத் திறந்து வைத்துப் பக்கத்தை ரீலோட் செய்தேன். படங்களுக்கான ஸ்டேட்டஸ் கோடு, எல்லாம் சரி என்னும் 200க்குப் பதில் 304 என்கிறது. ஆனால் படம் ஒழுங்காகத் தெரிகிறதே, சர்வர் எதைத்தான் அனுப்பியது?

இரவுப்பறவை: படத்தை அனுப்பவே இல்லை. முதல் தடவை பதிலின் ஹெடரில் (பதிலோடு வரும் குறிப்புகளில்) ஈடேக் என்று ஓர் அடையாளம் வந்திருக்கும். பிரவுசர் அதையும் படத்தோடு சேமித்துக்கொள்ளும். அடுத்த முறை இஃப்-நன்-மேட்ச் ஹெடரில் அதையே திருப்பி அனுப்பி, "மாறிவிட்டதா?" என்று கேட்கும். மாறவில்லையென்றால் வெறும் 304, அதாவது "மாறவில்லை" என்ற பதில் மட்டும் வரும்; பிரவுசர் சேமித்த படத்தையே காட்டும்.

புதுமுகம்: சரி, கேட்காமலே எடுத்துக்கொள்ளாதா?

பழையகை: எடுத்துக்கொள்ளும். கேஷ்-கண்ட்ரோல் என்ற ஹெடரில் மேக்ஸ்-ஏஜ்=3600 (நொடிகள்) இருந்தால், சாதாரணமாக ஒரு மணி நேரம் சர்வர் பக்கமே போகாது. பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸை மாற்றிவிட்டு "ஒன்றுமே மாறலை" என்று புலம்புபவர்கள் பாதிப் பேருக்கு இதுதான் காரணம். கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஆர் அழுத்திப் பாருங்கள், சேமித்ததை விட்டுவிட்டுப் புதிதாகக் கேட்கும், 200 வரும்.