கசினோ வந்த ஊரில் வீடு வாங்கலாமா? சிகாகோவின் தென்புறநகர்களுக்குக் குடிவருபவர்களுக்கு

"ஹோம்வுட் பக்கம் வீடு மலிவாக இருக்கிறது. புதிதாகக் கசினோவும் திறந்துவிட்டார்கள், இனி விலை ஏறத்தான் செய்யும் என்று ரியல்டர் சொல்கிறார். வாங்கலாமா அண்ணா?" சில மாதங்களாக வெவ்வேறு ஆட்களிடமிருந்து ஏறக்குறைய இதே கேள்விதான் வருகிறது. ஹார்வியிலும் ஒலிம்பியா ஃபீல்ட்ஸிலும் இருக்கும் மருத்துவமனைகளில் வேலை கிடைத்தவர்கள், யுனிவர்சிட்டி பார்க்கில் உள்ள கவர்னர்ஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வருபவர்கள், டவுன்டவுனுக்கு மெட்ரா எலெக்ட்ரிக் ரயிலில் போய்வர நினைப்பவர்கள் என்று கேட்பவர்கள் பலவிதம். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதாமல் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

வீடு வாங்கலாம். கசினோவை நம்பி வாங்காதீர்கள். வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது சொத்து வரி பில். அந்த பில் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று புரிய, பக்கத்தில் காலியாகிப்போன மால்களின் கதை தெரிந்திருக்க வேண்டும்.

மேட்டிசனில் லிங்கன் மால் 1973இல் திறக்கப்பட்டது. அதன் வரவால் முதலில் அடிவாங்கியது பக்கத்து ஊரான பார்க் ஃபாரஸ்ட். இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர் அது. நடுவில் திறந்தவெளிக் கடைவீதி ஒன்று இருந்தது. புது மால் அந்த வியாபாரத்தை இழுத்துக்கொண்டது. கடைசியில் 1990களில் ஊராட்சியே அந்த இடத்தை வாங்கிச் சீரமைக்க வேண்டியதாயிற்று. பிறகு லிங்கன் மாலின் முறை வந்தது. வீபோல்ட்ஸ், மான்ட்கொமரி வார்ட் போன்ற பெருங்கடை நிறுவனங்கள் படுத்தபோது இங்கேயும் பெரிய கூடங்கள் காலியாயின. மால் 2015 ஜனவரியில் மூடப்பட்டது, 2017இல் இடிக்கப்பட்டது. ஹார்வியின் டிக்ஸி ஸ்கொயர் மால் கதை இன்னும் மோசம்: 1966இல் திறந்து 1978இலேயே மூடிவிட்டார்கள், இடித்து அப்புறப்படுத்த 2012 வரை ஆனது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊர் நடுவில் ஒரு பாழடைந்த கட்டடம்.

ஆன்லைன் வியாபாரம் வந்ததால்தான் எல்லாம் என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். இதே காலத்தில் கொஞ்ச தூரத்தில் ஆர்லண்ட் பார்க் மால் பிழைத்துக்கொண்டது. மேட்டிசன், ஃப்ளாஸ்மோர், ஒலிம்பியா ஃபீல்ட்ஸ் எல்லாம் நல்ல வருமானமுள்ள குடும்பங்கள் வாழும் ஊர்கள். கறுப்பினக் குடும்பங்கள் பெரும்பான்மையான பிறகு, வாங்கும் சக்தி இருந்தும் பெரிய கடைகள் இந்தப் பக்கம் வரத் தயங்கின. இங்கே நீண்ட காலம் வாழ்ந்தவர்கள் இதை வெளிப்படையாகவே பேசுகிறார்கள். "அந்தப் பக்கம் வேண்டாம்" என்று நம்மவர்கள் சிலர் காரணம் சொல்லாமல் எச்சரிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சுக்கும் கடைகள் விலகியதற்கும் வேர் ஒன்றுதான். அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கணக்கை மட்டும் பாருங்கள்.

இனி கணக்கு. இல்லினாய் விற்பனை வரியில் மாநில விகிதம் 6.25 சதவீதம்; அதில் 1 சதவீதம் பொருள் விற்ற ஊருக்குத் திரும்பி வரும். கடை மூடினால் அந்த வரவு நின்றுபோகும். இதைவிடப் பெரிய அடி சொத்து வரியில் விழுகிறது. பள்ளி மாவட்டம், ஊராட்சி, நூலகம், பூங்கா மாவட்டம் ஒவ்வொன்றும் "எனக்கு இந்த ஆண்டு இவ்வளவு டாலர் வேண்டும்" என்று தொகையை முடிவு செய்கின்றன. அந்தத் தொகை ஊரில் இருக்கும் எல்லாச் சொத்துகளின் மேலும் மதிப்புக்கேற்பப் பிரிக்கப்படுகிறது. நான்கு நண்பர்கள் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டிலிருந்து ஒருவன் காலி செய்துகொண்டு போனால் என்ன ஆகும்? வாடகை குறையாது, மூன்று பேர் தலையில் விழும். இங்கேயும் அதேதான்.

இந்த ஊர்களில் பெரும்பாலானவை இருக்கும் குக் கவுண்டியில் இன்னொரு விசேஷம் உண்டு. வீடுகளைச் சந்தை மதிப்பில் 10 சதவீதத்துக்கும், வணிகக் கட்டடங்களை 25 சதவீதத்துக்கும் மதிப்பிடுகிறார்கள். 10 லட்சம் டாலர் கடை என்றால் வரிக்கணக்கில் 2.5 லட்சம், 2.5 லட்சம் டாலர் வீடு என்றால் வெறும் 25,000. அதாவது அந்த ஒரு கடை பத்து வீடுகளின் வரிச் சுமையைத் தாங்குகிறது. அது போனால் பத்து வீட்டுச் சுமை மிச்சமுள்ளவர்கள் மேல் ஏறுகிறது. வரி ஏறினால் புதுக் கடைக்காரன் யோசிக்கிறான். கிழக்கே கொஞ்ச தூரத்தில் இந்தியானா எல்லை. அங்கே சொத்து வரிக்கு உச்சவரம்பு இருக்கிறது: சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு 1 சதவீதம், வணிகத்துக்கு 3 சதவீதம். விற்பனை வரியும் அங்கே 7 சதவீதம்தான். குக் கவுண்டியின் புறநகரில் ஊர் வரியைச் சேர்க்காமலே 9 சதவீதம் வந்துவிடுகிறது. இந்தியானாவின் மன்ஸ்டர், ஷெரர்வில் பக்கம் நம்மவர்கள் ஏன் போகிறார்கள் என்பது இப்போது புரியும்.

இந்தச் சுழலில் மாட்டிய ஊர்களின் நிர்வாகிகளுக்குக் கசினோ கண்ணில் பட்டதில் ஆச்சரியமில்லை. ஹார்வியில் ஓய்வூதிய நிதிக்குக் கட்ட வேண்டிய பணம் பாக்கியானதால், ஊருக்கு வர வேண்டிய வருவாயையே 2018இல் மாநிலம் பிடித்து வைத்தது. எதிரே எல்லை தாண்டி ஹாமண்டிலும் கேரியிலும் கசினோக்கள். வாகன நிறுத்தத்தில் நிற்பவை பெரும்பாலும் இல்லினாய் எண்கள். "நம் பணம் அங்கே ஏன் போக வேண்டும்?" என்ற வாதத்தை மறுப்பது கடினம். 2019இல் சூதாட்ட விரிவாக்கச் சட்டம் நிறைவேறி, தென்புறத்துக்கு ஓர் உரிமம் ஒதுக்கப்பட்டது. மேட்டிசன், கேலுமெட் சிட்டி, லின்வுட், ஹோம்வுட்டும் ஈஸ்ட் ஹேசல் கிரெஸ்டும் சேர்ந்து ஒரு திட்டம் என்று போட்டி நடந்தது. கடைசிச் சுற்றில் மேட்டிசனும் ஹோம்வுட் திட்டமும் நின்றன. 2021 டிசம்பரில் சூதாட்ட வாரியம் ஹோம்வுட்டைத் தேர்ந்தெடுத்தது. மால் போன மேட்டிசனுக்குக் கசினோவும் கிடைக்கவில்லை. அலபாமாவின் போர்ச் கிரீக் பழங்குடியினருக்குச் சொந்தமான விண்ட் கிரீக் நிறுவனம் 50 கோடி டாலருக்கு மேல் செலவழித்துக் கட்டி, 2024 நவம்பரில் திறந்தது.

சரி, அந்தப் பணம் யாருக்குப் போகிறது? பெரும்பங்கு மாநிலத்துக்கு. உள்ளூருக்கு வருவது கசினோவின் நிகர வருவாயில் 5 சதவீதமும், உள்ளே நுழையும் ஒவ்வொருவருக்கும் ஒரு டாலரும். தென்புறத்தில் அந்த உள்ளூர்ப் பங்கையும் சுற்றியுள்ள ஊர்களோடு பிரித்துக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாடு புதிதல்ல. 2011இல் டெஸ் ப்ளெய்ன்ஸில் ரிவர்ஸ் கசினோ திறந்தபோதே, அந்த ஊர் தன் பங்கிலிருந்து ஹார்வி, ராபின்ஸ், ஃபோர்டு ஹைட்ஸ் போன்ற பின்தங்கிய பத்து ஊர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. அந்த ஊர்கள் ஆண்டுதோறும் பணம் வாங்குகின்றன. வாங்கியும் அங்கே கடைவீதி திரும்பி வரவில்லை.

வீடு வாங்குபவர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: உள்ளூர்ப் பங்கு போவது ஊராட்சிக்கு. உங்கள் சொத்து வரி பில்லில் ஊராட்சியின் பங்கு சிறியது. பாதிக்கு மேல் பள்ளி மாவட்டங்களுக்குப் போகிறது. கசினோ வரவால் தெருவிளக்கு எரியலாம், போலீஸ் கார் புதிதாகலாம். பள்ளி வரி குறையும் என்று யாராவது சொன்னால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பக்கத்துக் கடைகளுக்கு வியாபாரம் பெருகும் என்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. கசினோ என்பது உள்ளே வந்தவர் வெளியே போகாமல் இருக்கக் கட்டப்படுவது. சாப்பாடு, மது, கச்சேரி, அறை, கார் நிறுத்த இடம் எல்லாம் ஒரே கூரைக்குள். அவர் எதற்காக டிக்ஸி நெடுஞ்சாலையைக் கடந்து வந்து உங்கள் தெருவில் செருப்பு வாங்கப் போகிறார்? வேலைவாய்ப்பு உண்மைதான், அதை மறுக்கவில்லை. அதற்காக வீட்டு விலை ஏறும் என்று முப்பது ஆண்டுக் கடன் எடுப்பது வேறு விஷயம்.

பில்லுக்கு வருவோம். விளம்பரத்தில் போட்டிருக்கும் வரித் தொகையை அப்படியே நம்பாதீர்கள். விற்பவர் முதியவராக இருந்தால் மூத்தோர் விலக்கும், வரி மதிப்பை ஏறாமல் உறையவைக்கும் சலுகையும் அவருக்கு இருந்திருக்கும். வீடு கைமாறியதும் அவை போய்விடும். உங்கள் பில் ஒரேயடியாக எகிறும். வரி கட்டுவதற்காகத் தவணையோடு பிடித்துவைக்கும் எஸ்க்ரோ கணக்கில் பற்றாக்குறை என்று வங்கி கடிதம் போடும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. வீட்டின் 14 இலக்கச் சொத்து எண்ணை வாங்கி, கவுண்டி பொருளாளரின் தளத்தில் பழைய பில்களையும் அவற்றில் கழித்திருக்கும் விலக்குகளையும் பாருங்கள். விலக்கு எதுவும் இல்லாமல் எவ்வளவு வரும் என்று கணக்கிட்டு, அதைக் கட்ட முடிந்தால் மட்டும் மேலே பேசுங்கள். குடியேறியதும் சொந்த வீட்டு விலக்குக்கு நீங்களே விண்ணப்பிக்க வேண்டும்.

இங்கே வரி ஓராண்டு பின்தங்கிக் கட்டப்படுகிறது. எனவே விற்பவர் வாழ்ந்த காலத்து வரியை, வீடு கைமாறும் நாளான குளோசிங்கில் கழித்துக்கொடுக்க வேண்டும். எத்தனை சதவீதம் என்பதை வழக்கறிஞர் பேசி ஒப்பந்தத்தில் எழுதுவார். மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு நடக்கும். தென்புறத்துக்கு 2023இல் நடந்தது. 2024இல் வந்த பில்லில் நடுத்தர வீட்டு வரி ஏறக்குறைய 20 சதவீதம் உயர்ந்தது. கசினோ திறக்கத் தயாராகிக்கொண்டிருந்த அதே ஆண்டு! அடுத்த மறுமதிப்பீடு 2026. அறிவிப்பு வந்தால் குப்பையில் போடாமல், கெடுவுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் செய்கிறார்கள்.

கீழே வந்த கேள்விகளுக்கு:

நேப்பர்வில், அரோரா பக்கம் இருப்பவர்கள் "எங்களுக்கும் இதற்கும் என்ன?" என்கிறார்கள். அரோராவில் 1993 முதல் ஆற்றங்கரையில், நகர மையத்தில் இருந்த ஹாலிவுட் கசினோவை, 88ஆம் எண் நெடுஞ்சாலையோரம் அவுட்லெட் மால் அருகே மாற்றும் திட்டத்துக்கு நகரம் 5 கோடி டாலர் கடன்பத்திர உதவி கொடுக்க ஒப்புக்கொண்டது. ஜோலியட்டிலும் ஹாலிவுட் கசினோ ஆற்றங்கரையை விட்டு நெடுஞ்சாலைச் சந்திப்புக்குப் போய்விட்டது. நகர மையத்தை வாழவைக்கும் என்றுதான் 1990களில் இவற்றைக் கொண்டுவந்தார்கள். ஃபாக்ஸ் வேலி மாலிலும் சியர்ஸ், கார்சன்ஸ் இரண்டும் 2018இல் மூடிவிட்டன. அங்கே கசினோவை அழைக்கவில்லை, அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டினார்கள். எனக்கு அந்த வழி பிடித்திருக்கிறது. குடியிருக்க ஆள் வந்தால் மளிகைக் கடை தானாக வரும்.

மாணவர் ஒருவர் விளையாட்டாகப் போய்வரலாமா என்று கேட்டார். 21 வயது ஆகியிருக்க வேண்டும். எஃப்-1 விசாவில் முதல் ஐந்து ஆண்டுகள் பெரும்பாலும் வரிச் சட்டப்படி இங்கே வசிக்காத அந்நியராகத்தான் கணக்கு. ஸ்லாட் இயந்திரத்தில் பெரிய தொகை விழுந்தால் 30 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். தோற்றதைக் கழித்துக்காட்ட முடியாது.

கணவர் சூதாட்டத்தில் பணம் விடுகிறார் என்று தங்கை ஒருவர் தனிச்செய்தியில் கேட்டதற்குப் பெயர் சொல்லாமல் இங்கேயே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். லாட்டரி 2003இலேயே தடைசெய்யப்பட்ட தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு, இங்கே ஸ்ட்ரிப் மால்களில் பெண் பெயர் வைத்துக் காபிக்கடை போலத் தெரிகிற இடம் சூதாட்டக்கூடம் என்று தெரிவதில்லை. 2012 முதல் இல்லினாயில் மதுக்கடை, உணவகம் எங்கும் சூதாட்ட இயந்திரங்கள் வந்துவிட்டன. ஓர் இடத்தில் ஆறு வரை வைக்கலாம். அதில் விழும் நிகரத் தொகையில் 5 சதவீதம் ஊருக்கு வருகிறது, காலிக் கடைக்கு வாடகைக்காரரும் கிடைக்கிறார். அதனால்தான் பல ஊராட்சிகள் மறுக்கவில்லை. வேண்டாம் என்று தடைசெய்யும் உரிமை ஊருக்கு உண்டு. கணவர் பணத்தை அங்கே விடுகிறார் என்றால் 1-800-426-2537 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். கட்டணமில்லை, குடும்பத்தினரும் பேசலாம். விசா நிலை பற்றி அங்கே கேட்பார்கள் என்று பயப்பட வேண்டாம். கசினோக்களுக்குள் தன்னை அனுமதிக்க வேண்டாம் என்று அவரே சூதாட்ட வாரியத்தில் பதிவுசெய்துகொள்ளும் வசதியும் இருக்கிறது. சம்பளம் வரும் வங்கிக் கணக்கில் உங்கள் பெயரும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

ஃப்ளாஸ்மோரா ஹோம்வுட்டா என்று கேட்ட தம்பிக்கு: இரண்டுக்கும் உயர்நிலைப் பள்ளி ஒன்றுதான், நல்ல பள்ளி, இரண்டிலும் மெட்ரா நிற்கிறது. லெமாண்ட் கோவிலுக்குக் காரில்தான் போக வேண்டும், இந்திய மளிகைக்கும் அப்படியே. முதலில் ஓராண்டு வாடகைக்கு இருங்கள். 2026 மறுமதிப்பீட்டின் பில் வந்த பிறகு விலை பேசினால் பேரத்தில் உங்கள் கை ஓங்கியிருக்கும்.