ஈர்ப்பால் ஒளி திசைமாறுவதற்கு ஒரு சொல்: விலகலா, வளைவா, திறம்பலா?

வணக்கம். விண்மீன்களின் இடத்தைத் துல்லியமாக அளந்து ஈர்ப்புக் கோட்பாடுகளைச் சோதிப்பது பற்றிய கட்டுரைக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. சூரியனை ஒட்டி வரும் ஒளி திசைமாறுவதற்கு ‘ஈர்ப்பு ஒளிவிலகல்’ என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா?

*

வணக்கம் ஐயா. ‘ஒளிவிலகல்’ வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அது கண்ணாடியிலும் நீரிலும் நடப்பதற்கு நிலைத்துவிட்ட பெயர். அந்த விலகலும் இதே கணக்குக்குள் வருவதுதான் சிக்கல்.

பிரேசிலின் சோப்ரால் ஊரில் 1919 மே 29 கிரகணத்தின்போது எடுத்த ஒளிப்படத் தட்டுகளைப் பாருங்கள். சூரியன் அந்த விண்மீன்களை விட்டு நகர்ந்தபின், ஜூலையில் அதே கருவிகளால் எடுத்த தட்டுகளோடு அவற்றை ஒப்பிட்டார்கள். காற்றுமண்டலத்தின் ஒளிவிலகல் இரண்டிலும் எவ்வளவு வேறுபடுகிறது என்று கழித்த பிறகே சூரியனின் பங்கு தெரியும். கழிக்க வேண்டியதற்கும் கண்டுபிடிக்க வேண்டியதற்கும் ஒரே பெயர் வைத்தால் வாசகர் எங்கே போவார்? போதாக்குறைக்கு, காற்றில் நீலம் சிவப்பைவிடக் கூடுதலாக விலகும். ஈர்ப்பில் எல்லா நிறமும் ஒரே அளவுதான்.

‘ஒளி வளைவு’ என்பதும் ஆகாது. ஐன்ஸ்டைன் கணக்கில் சூரிய விளிம்பில் 1.75 விகலை (ஒரு பாகையை 3600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு விகலை), அதில் பாதி வெளியின் வளைவால் வருவது. அந்தப் பங்கு இல்லாவிட்டால் நியூட்டன் வழிக் கணக்கின் 0.87 மட்டும் மிஞ்சும். ‘வளைவில் பாதி வளைவால்’ என்று எழுத முடியாது.

என் பரிந்துரை: திறம்பல். இலங்கைப் பாடநூல்களில் கல்வனோமானியின் (மின்னோட்டத்தைக் காட்டும் கருவி) முள் நகர்வதற்கு இது பழகிய சொல். ‘சொல் திறம்பாதவர்’ என்கிறோமே, அதே வேர்தான். திறம்பும், திறம்பிய, திறம்பற்கோணம் என்று வடிவங்களும் இயல்பாக வருகின்றன.

‘அளவுத்திட்ட மாற்றம்’ என்பதையும் பட்டியலில் சேருங்கள். சோப்ராலின் ஆஸ்ட்ரோகிராஃப் (விண்மீன்களைப் படமெடுக்கும் தொலைநோக்கி) தட்டில் 1 மி.மீ. என்பது சுமார் 60 விகலை. ஆகவே 1.75 விகலை 0.03 மி.மீ.க்குள் அடங்கிவிடும். விளிம்பை விட்டுத் தள்ளியிருக்கும் விண்மீனுக்கு அதுவும் இல்லை. அந்தக் கருவியில் குவியம் பிசகிப் படங்கள் மங்கின. ஒளியைத் திருப்பும் கண்ணாடி வெயிலில் சூடேறியதே காரணம் என்று கருதினார்கள். குவியம் மாறினால் மையத்திலிருந்து தூரம் கூடக் கூட மீனின் இடப்பெயர்ச்சியும் கூடும்; இதுதான் அளவுத்திட்ட மாற்றம். திறம்பலோ தூரம் கூடக் கூடக் குறையும். சூரியனுக்கு அருகிலும் தொலைவிலுமாக மீன்கள் பரவியிருந்தால்தான் இரண்டையும் பிரிக்கலாம். மீன்கள் குறைந்தால் ஒன்று மற்றதாக வேடம் போடும். அந்தத் தட்டுகள் சூரிய விளிம்புக்குத் தந்தது 0.93 விகலை. பக்கத்திலேயே நின்ற 4 அங்குல வில்லையின் தெளிவான தட்டுகள் தந்தது 1.98.

*

திறம்பல் என்றே மாற்றிவிட்டேன். என் பட்டியலில் இருந்த ‘வில்நொடி’க்குப் பதில் நீங்கள் எழுதிய ‘விகலை’யையும் எடுத்துக்கொள்கிறேன். பாகை, கலை, விகலை எல்லாம் பஞ்சாங்கத்தில் இருப்பவைதானே. மில்லிவிகலை என்றும் நீட்டலாம். சூரியனிலிருந்து 90 பாகை தள்ளியிருக்கும் மீனுக்கே 4 மில்லிவிகலை திறம்பல் உண்டு; விண்மீன்களின் இடத்தை விண்வெளியிலிருந்து அளந்த கையா விண்கலத்துக்குக் கிரகணம் தேவைப்படாதது இதனால்தான்.

‘இடமாறு தோற்றப்பிழை’யை என்ன செய்வது?

*

‘இடமாறு கோணம்’ போதும், ஐயா. அதில் பிழை எதுவும் இல்லை. பூமி சூரியனைச் சுற்றுவதால் மீனின் இடம் சற்று மாறித் தெரிகிறதே, அப்படி உண்மையாகவே வரும் கோணம் அது. கையாவின் இரு தொலைநோக்கிகளுக்கும் இடையே 106.5 பாகை. கலம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றியபோது, சூரியவெப்பத்தோடு சேர்ந்து இந்தக் கோணம் மில்லிவிகலை அளவுக்கு அசைந்தது. அந்த அசைவு எல்லா மீன்களின் இடமாறு கோணத்தையும் ஒரே அளவு நகர்த்திவிடும், திறம்பல் அளவீட்டிலும் கலக்கும். இதற்காகவே கலத்துக்குள் லேசர் வைத்துக் கோணத்தைக் கண்காணித்தார்கள். பழைய சொல்லை வைத்துக்கொண்டால் இந்த இடத்தில் ‘தோற்றப்பிழையின் பிழை’ என்று எழுத வேண்டிவரும்.