டிராக்டரின் ஹைட்ராலிக் வடிகட்டி கழலவில்லை, தகரமும் நசுங்கிவிட்டது: உதவி தேவை

கேள்வி: சுங்கை சிப்புட் டிராக்டர் ஓட்டுநர்

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் டிராக்டரை ஓட்டி வருகிறேன். சிறு பராமரிப்பு வேலைகளையும் நானே பார்க்கிறேன். இரண்டு வாரங்களாக டிரெய்லரைத் தூக்கும்போது பம்ப் ஊளையிடுவதுபோல் சத்தம் எழுப்புகிறது. எண்ணெயிலும் நுரை தெரிகிறது. வடிகட்டியை மாற்றும் காலமும் வந்துவிட்டதால், நேற்று பழைய எண்ணெயை முழுவதும் தோம்பில் வடித்துவிட்டு, பின்னச்சின் வலப்பக்கம் இருக்கும் வடிகட்டியைக் கழற்ற முயன்றேன். பட்டை ஸ்பானாவைப் போட்டு முழு பலத்துடன் இழுத்தும் அது அசையவில்லை. பட்டை வழுக்கியதுடன், தகர உறையின் நடுப்பகுதியும் உள்ளே குழிந்துவிட்டது. சென்ற முறை எனக்கு முன்பிருந்தவர் மாட்டிய வடிகட்டி இது. எண்ணெய் கசிந்ததால் ஸ்பானா போட்டு இறுக்கியதாக அவர் சொல்லியிருந்தார். நாளை மறுநாள் குலை அறுப்பு தொடங்குகிறது. மரையைக் கெடுக்காமல் இதைக் கழற்ற வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: தைப்பிங் பட்டறைக்காரர்

தம்பி, ஸ்பானாவை எடுப்பதற்கு முன்பு மூன்று காரியங்களைச் சரிபார்த்துவிடுங்கள். டிரெய்லரும் பின்புறத் தூக்குக் கைகளும் முழுவதும் கீழே இறங்கியிருக்க வேண்டும். சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருக்க வேண்டும். தூக்கிய டிரெய்லருக்கு அடியில் தலையை நீட்டி வேலை செய்தவர்களுக்கு நேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அடுத்தது, திருப்பும் திசை. வடிகட்டியின் மூடிய அடிப்பாகத்தை நேருக்கு நேர் பார்த்தபடி இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். மேலிருந்து குனிந்து கைவைத்தால் திசை தலைகீழாகிவிடும். தெரியாமலேயே மேலும் இறுக்கிவிடுவோம். பட்டையை உறையின் நடுவில் போடாதீர்கள், தலைப்பகுதியை, அதாவது வடிகட்டி வண்டியில் மாட்டியிருக்கும் பக்கத்தை ஒட்டிப் போடுங்கள். அங்கேதான் தகரத்துக்குப் பின்னால் தடித்த தட்டு இருக்கிறது. நடுவில் வெறும் தகரம்தான். உறையைத் துடைத்து எண்ணெய்ப் பசையைப் போக்கிவிட்டு, ஓர் உப்புத்தாளின் சொரசொரப்பான பக்கம் வடிகட்டியைத் தொடும்படி பட்டைக்கு உள்ளே வைத்தால் வழுக்காது.

பதில்: கோலகங்சார் வாசகர்

என் அனுபவத்தில், இயந்திரத்தைப் பத்து நிமிடம் ஓடவிட்டு எண்ணெய் வெதுவெதுப்பானதும் திருப்பினால் ரப்பர் வளையம் இளகி எளிதில் விட்டுக்கொடுக்கும். அப்படியும் வராவிட்டால் ஒரு பெரிய திருப்புளியை உறையில் குறுக்காக அடித்துச் செருகி, அதையே கைப்பிடியாகப் பிடித்துத் திருப்பலாம்.

பதில்: ஈப்போ ஓய்வுபெற்ற மெக்கானிக்

மேலே சொன்ன ஐயா என்னை மன்னிக்க வேண்டும். எண்ணெய் இருக்கும்போது சூடாக்குவது நல்ல யோசனைதான். ஆனால் தம்பி எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டதாக எழுதியிருக்கிறார். இந்த நிலையில் இயந்திரத்தை ஓட்டவே கூடாது. ஹைட்ராலிக் பம்ப் இயந்திரத்தோடு சேர்ந்தே சுழலும்; எண்ணெயில்லாமல் சுழன்றால் சில நிமிடங்களிலேயே தேய்ந்து கெட்டுவிடும். வடிகட்டியை மாற்றப் போய் பம்பையும் மாற்ற வேண்டிவரும். மாறாக, கொதிக்கும் நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த சாக்குத் துணியை வடிகட்டியின் தலைப்பகுதியில் சுற்றிக் கால் மணி நேரம் வையுங்கள். துணி ஆறினால் மாற்றிச் சுற்றுங்கள். எரிவாயுத் தீயைக் காட்ட வேண்டாம். வடிகட்டிக்குள் இருக்கும் எண்ணெய் ஊறிய தாள் எளிதில் பற்றிக்கொள்ளும்.

திருப்புளியை நான் கடைசியில்தான் எடுப்பேன். இறுகிய வடிகட்டியில் அதைச் செருகித் திருப்பினால் தகரம்தான் கிழியும், தட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். சங்கிலி ஸ்பானா கிடைத்தால் அதைத் தலைப்பகுதியில் போட்டு, நிதானமாக ஒரே சீராக இழுங்கள்.

கேட்டவர்

ஐயா அவர்களுக்கு நன்றி. உங்கள் பதிலைப் பார்ப்பதற்குள் அவசரப்பட்டுத் திருப்புளியைச் செருகிவிட்டேன். நீங்கள் சொன்னதுபோலவே உறை கிழிந்து கையோடு வந்துவிட்டது. இப்போது தலையில் வட்டத் தட்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் மரைக்குழாயும் அதைச் சுற்றிச் சிறு துளைகளும் தெரிகின்றன. சங்கிலி பிடிக்க இடமே இல்லை.

பதில்: ஈப்போ ஓய்வுபெற்ற மெக்கானிக்

கவலைப்படாதீர்கள் தம்பி, தட்டு மட்டும் இருந்தாலும் கழற்றிவிடலாம். முதலில் நடுக்குழாயைச் சுத்தமான துணியால் அடையுங்கள். துணியின் வால் வெளியே நீளமாகத் தொங்கட்டும், அப்போதுதான் மறக்காமல் எடுப்பீர்கள். எண்ணெய் அந்தச் சிறு துளைகள் வழியாக வடிகட்டிக்குள் வந்து, நடுக்குழாய் வழியாகப் பம்புக்குப் போகிறது. நீங்கள் உளியால் அடிக்கும்போது தெறிக்கும் ஓர் இரும்புத் துகள் அந்தக் குழாய்க்குள் விழுந்தாலும் அது நேரே பம்புக்குத்தான் போகும்.

பிறகு பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, இரும்பு உளியின் முனையைத் தட்டின் வெளிவிளிம்பில் சாய்வாக வையுங்கள். அடி விழும்போது தட்டு இடஞ்சுழியாகத் தள்ளப்பட வேண்டும். ஓர் இடத்திலேயே அடித்துக்கொண்டிருக்காமல் விளிம்பைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் மாற்றி மாற்றித் தட்டுங்கள். சுத்தியல் சிறியதாக இருக்கட்டும். பலத்தைவிட அதிர்வுதான் ஒட்டிய ரப்பரை விடுவிக்கும். தலை வார்ப்பு உலோகம். உளி வழுக்கி அதன் முகப்பைக் கீறினால் புது வளையம் அங்கே அடைக்காது. தட்டு ஒரு விரற்கடை நகர்ந்துவிட்டால் மீதியைக் கையாலேயே சுற்றி எடுக்கலாம். மரைக்குழாயும் தட்டோடு சேர்ந்து வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். மரை கெடவில்லை என்றால் துடைத்து, மரை பூட்டும் பசையிட்டுத் தலையில் மீண்டும் ஏற்றிவிடலாம்.

கேட்டவர்

ஐயா, வந்துவிட்டது! ஏழெட்டு அடிகளில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு விரலாலேயே சுற்றி எடுத்தேன். மரைக்குழாய் தலையிலேயே நல்ல நிலையில் இருக்கிறது. ஆனால் தலையின் முகப்பைத் துணியால் துடைத்தபோது ஒரு விசயத்தைப் பார்த்தேன். கறுத்துத் தட்டையாகி, பெயிண்ட் பூசியதுபோல் ஒரு ரப்பர் வளையம் அங்கே ஒட்டிக்கிடக்கிறது. கழற்றிய தட்டைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் ஒரு வளையம் முழுதாக இருக்கிறது. ஒரு வடிகட்டிக்கு இரண்டு வளையங்களா?

பதில்: ஈப்போ ஓய்வுபெற்ற மெக்கானிக்

ஒன்றுதான் தம்பி. உங்கள் தொல்லை அனைத்துக்கும் காரணத்தை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். அதற்கு முந்தைய வடிகட்டியைக் கழற்றியபோது அதன் வளையம் தலையிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைக் கவனிக்காமல் அதன்மேல் புதியதை மாட்டியிருக்கிறார்கள். ரப்பர்மேல் ரப்பர் சரியாக அமராது. அதனால்தான் கசிந்தது, கசிந்ததால்தான் ஸ்பானா போட்டு இறுக்கினார்கள், இறுக்கியதால்தான் உங்களுக்குக் கழலவில்லை. இந்த வடிகட்டி பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் இருப்பதால், வண்டி நிற்கும்போது அந்த இடுக்கில் எண்ணெய் வெளியே கசியும். வண்டி ஓடும்போது அதே இடுக்கு வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படும். நுரைக்கும் ஊளைச் சத்தத்துக்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

பழைய வளையத்தை மரச்சீவல் அல்லது பிளாஸ்டிக் துண்டால் சுரண்டி எடுங்கள், கத்தி வேண்டாம். துணி அடைப்பை எடுத்துவிட்டுப் புதிய வடிகட்டியின் வளையத்தில் சுத்தமான ஹைட்ராலிக் எண்ணெயை விரலால் தடவுங்கள். வளையம் தலையைத் தொடும்வரை சுற்றிவிட்டு, அதற்குமேல் உறையில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு மட்டும் கையாலேயே இறுக்குங்கள். பெரும்பாலும் அது முக்கால் சுற்றாக இருக்கும். கையேட்டில் குறிப்பிட்ட எண்ணெயை ஊற்றி, பாரமில்லாமல் ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, தூக்குக் கைகளை நாலைந்து முறை ஏற்றி இறக்கி, நிறுத்திய பிறகு அளவைப் பாருங்கள்; புதிய வடிகட்டி நிரம்பியதால் கொஞ்சம் குறைந்திருக்கும். அழுத்தக் குழாய்களில் கசிவு தேடும்போது கையை நீட்டாமல் ஓர் அட்டையைக் காட்டிப் பாருங்கள். அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றிவிடாதீர்கள். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் பழைய ஹைட்ராலிக் எண்ணெய் எஸ்.டபிள்யூ. 306 என்ற கழிவுக் குறியீட்டிலும், எண்ணெய் படிந்த துணியும் வடிகட்டியும் எஸ்.டபிள்யூ. 410 என்ற குறியீட்டிலும் வகைப்படுத்தப்பட்டுள்ளன. இரண்டையும் தனித்தனித் தோம்பில் மூடி வைத்துத் தோட்டப் பட்டறையில் ஒப்படையுங்கள்.

கேட்டவர்

அப்படியே செய்தேன் ஐயா. இன்று காலை முதல் நடையில் குலையோடு டிரெய்லரைத் தூக்கினேன்; ஊளைச் சத்தம் இல்லை. மதியம் எண்ணெயைப் பார்த்தேன், நுரை இல்லை. வடிகட்டியின் அடியில் வைத்திருந்த அட்டையும் காய்ந்தே இருக்கிறது. மீட்டரில் உள்ள மணிக்கணக்கையும், ‘பழைய வளையம் எடுக்கப்பட்டது’ என்ற குறிப்பையும் உறையின்மேல் மை பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.