பழைய யமஹாவை இறக்கி சுசுகி ஏற்றினேன். திரும்பும்போது இன்ஜின் கத்துகிறது, படகு நகரவில்லை

பத்து மாவுங் தூண்டில்காரன்:
வணக்கம். எங்களுடையது 17 அடி ஃபைபர் படகு, அப்பா வாங்கியது. அதில் இருந்தது யமஹா 40 எச்.பி. டூ-ஸ்ட்ரோக், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. இருபது வருடத்துக்கு மேல் உழைத்து, போன மாதம் பிஸ்டன் கடித்து நின்றுவிட்டது. சரிசெய்ய ஆகும் வெள்ளியைக் கேட்டதும், புதிதே வாங்கிவிடலாம் என்று சுசுகி டிஎஃப்40ஏ எடுத்தேன். ஃபோர்-ஸ்ட்ரோக், லாங் ஷாஃப்ட். கடையிலேயே மாட்டிக் கொடுத்தார்கள். இதுவரை 12 மணி நேரம் ஓடியிருக்கிறது.

நேராகப் போனால், பாதி த்ராட்டிலில் குறையே இல்லை. ஜெரெஜாக் தீவுப் பக்கம் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால்தான் வம்பு. பின்னால் வெள்ளையாக நுரை கிளம்புகிறது, இன்ஜின் 'ங்ங்ங்' என்று கத்துகிறது, படகு தொய்ந்து உட்கார்ந்துவிடுகிறது. த்ராட்டிலைக் குறைத்தால் மறுபடி பிடித்துக்கொள்கிறது. நேராக முழு த்ராட்டில் கொடுத்தாலும் மீட்டர் 6,000 ஆர்.பி.எம். தாண்டி, விட்டுவிட்டு இழுக்கிறது. மீட்டரும் புதுசுதான், இன்ஜினோடு வந்தது.

கடையில் கேட்டால், 20 மணி நேர முதல் சர்வீஸுக்கு வரும்போது பார்க்கலாம் என்கிறார்கள். அப்பாவின் கூட்டாளி ஒருவர், பிராண்ட் மாற்றினால் இப்படித்தான் என்கிறார். பழைய யமஹா புரொப்பெல்லர் வீட்டில் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்கலாமா?

பாயான் லெப்பாஸ் வார இறுதி:
6,000 தாண்டுகிறது என்றால் புரொப்பெல்லர் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னே தள்ளும் தூரம்) பத்தவில்லை தம்பி. ஒரு அங்குலம் ஏற்றினால் சுமார் 200 ஆர்.பி.எம். இறங்கும். இரண்டு அங்குலம் கூடுதலாக வாங்கிப் போடுங்கள், முடிந்தது கதை.

ஜெலுத்தோங் ஃபோர்மன்:
தம்பி, முதலில் உங்கள் கேள்விக்கு. யமஹா புரொப்பெல்லர் சுசுகி ஷாஃப்டுக்கென்று செய்தது இல்லை. இடித்து ஏற்ற வேண்டாம். கியரும் வேறு. உங்கள் சுசுகி 2.27 சுற்று சுற்றினால்தான் புரொப்பெல்லர் ஒரு சுற்று சுற்றும். பழைய டூ-ஸ்ட்ரோக்கின் பிட்ச் கணக்கு இதற்கு ஒத்துவராது.

வார இறுதி அண்ணே சொன்ன 200 கணக்கு சரி. ஆனால் தம்பி நுரை என்று எழுதியிருக்கிறாரே, அதைக் கவனித்தீர்களா? தண்ணீரைக் கடிக்க வேண்டிய புரொப்பெல்லர் காற்றைக் கடிக்கிறது. அதற்கு எவ்வளவு பிட்ச் ஏற்றினாலும் பிடிமானம் வராது, வெள்ளிதான் போகும்.

படகை ட்ரெய்லரில் ஏற்றுங்கள். இன்ஜினை நேராக நிறுத்துங்கள். ஒரு நீளமான நேர் சட்டத்தைப் படகின் அடிவயிற்றில், நடுக்கோட்டை ஒட்டி, பின்பக்கம் நீட்டிப் பிடியுங்கள். புரொப்பெல்லருக்கு மேலே சிறகு மாதிரி ஒரு தகடு இருக்கும். அந்தத் தகடு சட்டத்துக்கு மேலே எத்தனை அங்குலம், கீழே எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதுங்கள். போட்டோ வேண்டாம், போட்டோவில் எல்லாமே நேராகத்தான் தெரியும்.

பத்து மாவுங் தூண்டில்காரன்:
அண்ணே, அளந்தேன். தகடு இரண்டே கால் அங்குலம் மேலே இருக்கிறது!

அப்புறம் இன்னொன்று. டார்ச் லைட்டோடு கீழே படுத்துப் பார்த்தபோது, இன்ஜின் மாட்டும் பின்பலகையின் மேல் விளிம்பில் பெயின்டுக்கு அடியில் மெல்லிசாக ஒரு கோடு தெரிந்தது. கத்தியால் சுரண்டினால் உள்ளே மரம். இரண்டு அங்குல உயரத்தில் செங்கால் மரக் கட்டை ஒன்றை வைத்து, போல்ட் போட்டு, மேலே அதே நீலப் பெயின்டை அடித்திருக்கிறார் அப்பா. இத்தனை வருடமாக அது படகின் பாகம் என்றே நினைத்திருந்தேன். அம்மாவிடம் கேட்டதில், தண்ணீர் வற்றும்போது ஜெட்டி பக்கம் சேற்றில் இன்ஜின் மாட்டுகிறது என்று அவரே வைத்தாராம். ஆனால் பழைய இன்ஜின் இப்படிக் கத்தியதே இல்லையே?

ஜெலுத்தோங் ஃபோர்மன்:
பழைய புரொப்பெல்லரை எடுத்து, இலையின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். உள்பக்கமாகக் கொஞ்சம் சுருண்டிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படிச் சுருட்டி வைத்தால், உயரத்தில் இருந்தாலும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அப்பா விவரமான ஆள்தான்.

லாங் ஷாஃப்ட் என்றால் 20 அங்குலப் பலகைக்கு உள்ளது. கட்டையோடு உங்களுக்கு 22 ஆகிவிட்டது, அதனால்தான் புரொப்பெல்லர் உயரத்தில் நின்று காற்றைக் கடிக்கிறது. மாட்டியவர் ஒரு தடவை டேப் பிடித்திருந்தால் தெரிந்திருக்கும். கட்டையைக் கழற்றி இன்ஜினை இறக்குங்கள். அதுவரை வேகமாக ஓட்டவே வேண்டாம். தண்ணீர் உறிஞ்சும் வாயில் காற்று புகுந்தால் இன்ஜின் சூடாகிவிடும்.

இறக்குவதற்கு முன் பலகையைச் சோதியுங்கள். ஃபைபருக்குள் இருப்பது பிளைவுட். சுத்தியலின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். 'டொக்' என்றால் நல்லது, 'தொப்' என்றால் உள்ளே ஊறிவிட்டது. போல்ட்டைக் கழற்றியதும் ஓட்டையிலிருந்து காப்பி நிறத்தில் தண்ணீர் வடிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இது 100 கிலோவைத் தாண்டும் இன்ஜின், பழையது இவ்வளவு கனம் இல்லை. ஊறிய பலகையில் மாட்டினால் என்றைக்காவது இன்ஜின் கடலுக்குப் போய்விடும்.

பழைய ஓட்டைகளை எபாக்ஸி வைத்து அடையுங்கள். புது போல்ட்டுக்குப் படகுக்கென்று விற்கும் சீலன்ட் போடுங்கள், குளியலறை சிலிக்கான் வேண்டாம். பேட்டரியை முன்பக்கம் நகர்த்துங்கள், பின்கனம் குறையும். கேட்க மறந்தேன், பழைய டேங்கில் டூ-டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலந்த பெட்ரோல் மிச்சம் இருந்ததா? இருந்தால் மொத்தமாகக் கொட்டிக் கழுவுங்கள். இதற்கு வெறும் பெட்ரோல்தான்.

தெலுக் பஹாங் அக்கா:
மீன்பிடி லைசென்ஸ் உள்ள படகு என்றால் இன்ஜின் மாற்றத்தை மீன்வளத் துறையில் சொல்ல வேண்டும். சொந்த உல்லாசப் படகு என்றால் ஜபாத்தான் லாவுட்டில் (கடல்துறை அலுவலகத்தில்) புது இன்ஜின் நம்பரைப் பதியச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்காரர் இதைத் தள்ளிப்போட்டு, புதுப்பிக்கும் நேரத்தில் அலைந்தார்.

பத்து மாவுங் தூண்டில்காரன்:
நேற்று முடித்தேன். பலகை முழுக்க 'டொக்' சத்தம்தான், தப்பித்தேன். கட்டையைக் கழற்றியதும் தகடு சட்டத்துக்குக் கால் அங்குலம் மேலே வந்து நின்றது. மூன்று பேரோடு முழு த்ராட்டிலில் 5,700. ஜெரெஜாக்கைச் சுற்றி எவ்வளவு ஒடித்துத் திருப்பினாலும் நுரை இல்லை, கத்தல் இல்லை. பழைய புரொப்பெல்லரின் ஓரம் நீங்கள் சொன்ன மாதிரியே சுருண்டிருந்தது.

ஆனால் திரும்பி வரும்போது தண்ணீர் வற்றிவிட்டது. ஜெட்டிக்கு முப்பது அடி முன்னாலேயே சேற்றைக் கிண்டினேன். அப்பா ஏன் கட்டை வைத்தார் என்று அப்போது நன்றாகவே புரிந்தது. அக்கா, உல்லாசப் படகுதான். திங்கட்கிழமை போகிறேன்.

ஜெலுத்தோங் ஃபோர்மன்:
5,000 முதல் 6,000 வரை இருந்தால் போதும், 5,700 அருமை. புரொப்பெல்லரை மாற்ற வேண்டாம். ஜெட்டி கிட்டே வந்ததும் வேகத்தைக் குறைத்து இன்ஜினைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளுங்கள், ஆனால் பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சேறு கிண்டியிருக்கிறீர்கள், இன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி ஓட்டுங்கள். 20 மணி நேர சர்வீஸில் கியர் ஆயிலை நீங்களே நின்று பாருங்கள். பால் மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, இங்கே எழுதுங்கள்.