சோப்பு நுரைக்கவில்லை, பருப்பு வேகவில்லை, கீசரும் போச்சு: எந்த ஆர்.ஓ. வாங்கலாம்?

புதுக்குடித்தனம்:
அவசரம், யாராவது சொல்லுங்கள். புது ஃப்ளாட்டுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது. குக்கரில் ஆறு விசில் விட்டும் துவரம்பருப்பு மசியவில்லை. பாத்ரூம் குழாய் முழுக்க வெள்ளையாகப் படிந்திருக்கிறது. நேற்று கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் காயிலும் போய்விட்டது. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வாங்கிப் பார்த்தால் 480 காட்டுகிறது. 500க்குள் இருந்தால் நல்ல தண்ணீர் என்கிறார்களே, அப்புறம் ஏன் இப்படி? சனிக்கிழமைக்குள் ஆர்.ஓ. வாங்கிவிட வேண்டும்.

மூணாவது மாடி:
எந்த ஏரியா? மெட்ரோ தண்ணியா, போரா, லாரியா? அதைச் சொல்லாமல் எப்படிச் சொல்வது?

குழாயடி:
480 எந்தக் குழாயில், எத்தனை மணிக்கு எடுத்தது? கீசர் எத்தனை வருஷப் பழசு?

ஆற்றங்கரை:
மெஷினுக்குக் காசைக் கொட்டாதீர்கள் நண்பரே. எங்கள் அம்மாச்சி மண்பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றிவைப்பார். காலையில் கண்ணாடி போல் இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும்.

நீர்க்கணக்கு:
இந்த மாதத்தில் இதே கேள்விக்கு நான்காவது முறையாக எழுதுகிறேன். கேட்பதற்கு முன் பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் வர வேண்டும். சரி, இன்னொரு முறை.
டிடிஎஸ் வேறு, கடினத்தன்மை வேறு. உங்கள் மீட்டர் தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, கரைந்த உப்பை உத்தேசமாகக் கணக்குப் போடுகிறது. அது என்ன உப்பு என்று அதற்குத் தெரியாது. கடினத்தன்மை என்பது கால்சியமும் மெக்னீசியமும், சோப்பைத் திரியவைப்பது அவைதான். பருப்பை வேகவிடாததும் அவைதான், பருப்பில் உள்ள பெக்டினோடு சேர்ந்து இறுகிவிடும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் டிடிஎஸ்ஸுக்கு 500, கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று தனித்தனி வரம்பு. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 2000, 600 வரை போகலாம். நீங்கள் பார்த்தது ஒன்றைத்தான்.
சிங்க் பக்கத்தில் ஆர்.ஓ. மாட்டினால் குடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் ஆகும். குளிக்கிற தண்ணீரும் கீசருக்குப் போகிற தண்ணீரும் அதன் வழியாக வராது.

ஆற்றங்கரை:
தேத்தாங்கொட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே. பெரியவர்கள் ஒன்றும் தெரியாமலா செய்தார்கள்?

நீர்க்கணக்கு:
அவர்கள் செய்தது சரி. ஆற்றுத் தண்ணீரில் கலங்கல் இருந்தது, தேத்தாங்கொட்டை அதைப் படியவைத்தது. இங்கே தண்ணீர் ஏற்கெனவே தெளிவாகத்தான் இருக்கிறது, பிரச்சினை கரைந்துபோன உப்பு. அதைக் கொட்டை பிரிக்காது.

ஆற்றங்கரை:
உங்கள் ஆர்.ஓ. மட்டும் என்ன, பாதித் தண்ணீரைச் சாக்கடையில் விடுகிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்கு நின்றவன் நான். அந்த மெஷினைப் பார்த்தாலே வயிறு எரிகிறது.

நீர்க்கணக்கு:
அதில் உங்கள் பக்கம்தான் நான். டிடிஎஸ் 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி அதே 2019இல் பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவிட்டது. நான் எங்கே ஆர்.ஓ. வாங்கச் சொன்னேன்? முழுதாகப் படியுங்கள்.

குழாயடி:
நீங்கள் இருவரும் தனி இழை தொடங்குங்கள். கேட்டவரையே காணோம்.

புதுக்குடித்தனம்:
மன்னிக்கவும், ஆபீஸில் மாட்டிக்கொண்டேன். வேளச்சேரி. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது, ஹவுஸ் ஓனர் சொல்லவில்லை. கீசர் இங்கேயே இருந்தது, வயசு தெரியாது. 480 காலையில் கிச்சன் குழாயில் எடுத்தது. இப்போது அதே குழாயில் பார்த்தால் 1120! மீட்டர் ரிப்பேரா?

மூணாவது மாடி:
மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் அபார்ட்மெண்டிலும் இதே கதை. மெட்ரோ தண்ணி வரும் நாளில் சம்ப், அதாவது தரையடித் தொட்டி, நிறையும், தீர்ந்தால் போரை அதே சம்பில் திருப்பிவிடுவார்கள். கலவை எவ்வளவோ அவ்வளவு ரீடிங். வாட்ச்மேனிடம் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும்.

குழாயடி:
கீசரைக் கழற்றினால் காயில் மேல் சுண்ணாம்பு ஓடு போல் இருக்கும் பாருங்கள். போர் தண்ணியைச் சூடாக்கினால் பைகார்பனேட் உடைந்து சுண்ணாம்பாகக் காயில் மேலேயே படியும். சூடு வெளியே போக முடியாமல் காயில் எரிந்துபோகும். புதுக் காயில் போட்டதும் தெர்மோஸ்டாட்டை 50 பக்கம் இறக்கிவையுங்கள், படிவது குறையும். குழாய்க் கறைக்கு ஆசிட் ஊற்றாதீர்கள், முலாம் போய்விடும். வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றிவைத்தால் போதும்.

நீர்க்கணக்கு:
போர் தண்ணீரையும் சம்ப் தண்ணீரையும் தனித்தனிப் பாட்டிலில் பிடித்து லேபில் கொடுத்து "மொத்தக் கடினத்தன்மை" என்று கேட்டு வாங்குங்கள். போர்தான் காரணம் என்றால் அசோசியேஷன் போர் லைனில் சாஃப்ட்னர் போட வேண்டும். அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும், அதனால் டிடிஎஸ் இறங்காது. "மெஷின் வேலை செய்யவில்லை" என்று இங்கே வந்து கேட்காதீர்கள். கால்சியத்தைப் பிடிப்பது அதற்குள் இருக்கும் ரெசின் மணிகள், உப்பு போட்டு அவற்றைக் கழுவிக்கொண்டே இருக்கவும் வேண்டும். வீட்டில் பிரஷர் உள்ளவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

புதுக்குடித்தனம்:
வாட்ச்மேனிடம் கேட்டாயிற்று. மூணாவது மாடி சொன்னதேதான், சாயங்காலம் போர் ஓடுகிறது. லேபில் கடினத்தன்மை போர் 640, காலைச் சம்ப் 210. ஞாயிறு மீட்டிங்கில் பேசுகிறேன். பருப்புக்கு இப்போதைக்குக் கேன் தண்ணீர், நாலு விசிலில் வெந்துவிட்டது. நன்றி.

மூணாவது மாடி:
எந்த லேப்? ஒரு பாட்டிலுக்கு எவ்வளவு வாங்கினார்கள்?